குறைமாதக் குழந்தையின் விழித்திரையும் ஒளிப்படக் கலையும்

ஐம்பொறிகளுள்ளும் கண்ணே தலையாயது என்பது பெரியோர் துணிபு. கல்வியைக் கண் என்றும், அன்பிற்குரியாரைக் கண்மணி என்றும், குறைவற்ற காவலைக் கண்ணை இமை காப்பது போன்றது என்றும் கூறும் வழக்குத் தமிழ்மக்களிடையே தொன்றுதொட்டு வருவது. எனினும், இமையாற் காக்கவியலாத கேடு ஒன்று கண்ணின் உள்ளேயே தோன்றுவதுண்டு. அக்கேடு உரிய மாதம் நிரம்புமுன் பிறந்த குழந்தைகளைப் பற்றுவது. பிறந்த அன்று இல்லாது சில வாரங்கள் கழித்து அரும்புவது. வலியோ சிவப்போ நீர்வடிதலோ எதனையும் காட்டாது வளர்வது. தாய் குழந்தையின் கண்ணை எத்துணை உற்றுநோக்கினும், தெளிந்த கருமணியையன்றி வேறெதனையும் காணமாட்டாள். வளர்ந்தோர் தம் பார்வை மங்கிற்று என்று தாமே முறையிடுவர். குழந்தையோ தான் காண்பது இன்னதென்றும் காணாதது இன்னதென்றும் கூறும் ஆற்றல் உடையதன்று. ஆகவே, அதன் கண்ணினுள் நடப்பதைப் பிறர் நோக்கியே அறிதல் வேண்டும். அவ்வாறு நோக்குதற்குரிய காலமோ சில வாரங்களே.

குறைமாத விழித்திரை நோய் எனப்படும் இந்நோயையும், அதனை ஆராய்தற்கு விழித்திரை ஒளிப்படம் துணைசெய்யும் முறையையும், அத்துணையின் எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழித்திரையின் வளர்ச்சி

கண்ணின் பின்சுவரின் உட்புறத்தே மெல்லிய தாள்போலப் படர்ந்திருப்பது விழித்திரை. கோல்களும் கூம்புகளுமாகிய ஒளியுணர் உயிர்க்கலங்களும், அவை உணர்ந்ததைப் பார்வை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்பும் நரம்புக்கலங்களும் அதன்கண் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. இவற்றின் உட்புற அடுக்குகளுக்கு உணவும் ஒட்சிசனும் கொண்டு செல்லும் குருதிக்கலன்கள் கருவின் தொடக்கத்தில் விழித்திரையில் இல்லை. ஏறத்தாழக் கருக்காலத்தின் 16ஆம் வாரத்தில், பார்வை நரம்பு கண்ணுட் புகும் வட்டிலிருந்து அவை புறப்பட்டு நாற்றிசையும் மெல்ல மெல்லப் படர்கின்றன. மூக்குப் பக்கத்து விளிம்பை அவை 36ஆம் வாரமளவிலும், காதுப் பக்கத்து விளிம்பை நிறைமாதமாகிய 40ஆம் வாரமளவிலும் சென்றடையும்.

இவ்வளர்ச்சியைத் தூண்டுவது யாது? கருப்பையினுள் சிசுவின் குருதியில் ஒட்சிசன் குறைவாகவே உள்ளது. வளரும் விழித்திரை தன் தேவைக்கேற்ற ஒட்சிசனைப் பெறாதவிடத்து ஒருவகைப் புரதத்தைச் சுரந்து குருதிக்கலன்களைத் தன்பால் அழைக்கின்றது. கலன் அகவணி வளர்ச்சிக் காரணி எனப்படும் இப்புரதம் 1989ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. தோட்டத்திற் பயிர் வாடும் பக்கம் நோக்கி வாய்க்கால் வெட்டப்படுவது போல, குறைவு தோன்றும் இடம் நோக்கிக் குருதிக்கலன் நீளுகின்றது எனலாம்.

28ஆம் வாரத்தில் ஒரு குழந்தை பிறந்துவிடின், வாய்க்கால் பாதி வழியிலேயே நிற்கின்றது. குழந்தை புறவுலகின் காற்றைச் சுவாசிக்கின்றது. அதன் நுரையீரல் முதிராமையால் மிகுதியான ஒட்சிசனும் அதற்கு வழங்கப்படுகின்றது. கருப்பையிற் பெற்றதினும் கூடிய ஒட்சிசன் விழித்திரையை எய்தவே, அழைப்புக் குரல் அடங்குகின்றது. கலன்களின் வளர்ச்சி தடைப்படுகின்றது. தோன்றியவற்றுள்ளும் சில சுருங்கி மறைகின்றன. இது நோயின் முதற் பருவம்.

வாரங்கள் சில கழிகின்றன. விழித்திரையின் நரம்புக்கலங்கள் முதிர்ந்து அவற்றின் தேவை பெருகுகின்றது. கலன் சென்றடையாத வெளிப்புறப் பகுதி ஒட்சிசனின்றித் தவிக்கின்றது. அடங்கியிருந்த அழைப்புக் குரல் இப்பொழுது அளவுமீறி எழுகின்றது. அதன் விளைவாகத் தோன்றும் புதுக் குருதிக்கலன்கள் நெறிப்படி விழித்திரையிற் படராது, கண்ணின் நடுவேயுள்ள பளிங்குபோன்ற பாகினுள் தாறுமாறாக எழுகின்றன. இவை வலுவற்றவை, எளிதிற் கசிவன, குருதி பெருக்குவன. பின்னர் இவற்றைச் சூழ்ந்து நார்த்திசு தோன்றிச் சுருங்கும்போது விழித்திரை தன் இடத்தினின்றும் இழுக்கப்பட்டுக் கழலுகின்றது. இஃது இரண்டாம் பருவம். முற்றாகக் கழன்ற விழித்திரையைச் சத்திரசிகிச்சையால் மீளப் பொருத்தினும், பயனுள்ள பார்வை கிட்டுதல் அரிது.

நோய் அறியப்பட்ட வரலாறு

1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த தியடோர் ரெறி என்னும் கண்வைத்தியர், குறைமாதக் குழந்தைகள் சிலரின் கண்வில்லைக்குப் பின்னே வெண்ணிறத் திசு அடர்ந்து பார்வை அழிந்திருத்தலை எடுத்துரைத்தார். அவர் கண்டது நோயின் முடிவையே, தொடக்கத்தை அன்று. அடுத்த பத்தாண்டுகளில் அதே நிலையுற்ற குழந்தைகள் பல நாடுகளிற் காணப்பட்டனர். இந்நோய் வறிய நாடுகளிலன்றிச் செல்வ நாடுகளிலும், வசதியற்ற வைத்தியசாலைகளிலன்றிச் சிறந்த கருவிகள் நிறைந்த வைத்தியசாலைகளிலுமே மிகுந்து காணப்பட்டமை ஆராய்வோரைத் திகைக்கச் செய்தது.

1951ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துக் குழந்தை வைத்தியரான கேற் காம்பெல் அம்மையார் இப்புதிரை அவிழ்க்கும் நூலிழையைப் பற்றினார். ஒட்சிசன் தாராளமாக வழங்கப்பட்ட இடத்தில் நோய் மிகுந்தும், சுருக்கமாக வழங்கப்பட்ட இடத்தில் அருகியும் இருத்தலை ஒப்புநோக்கி, ஒட்சிசனே காரணமாகலாம் என்று அவர் கருதினார். உயிர்காக்கும் வாயுவே கண்ணைக் கெடுக்கும் என்பதைப் பலர் நம்ப மறுத்தனர். அமெரிக்காவில் ஆணல் பற்ஸ் என்னும் வைத்தியர் இதனைச் சோதித்தறிய முற்பட்டபோது, குறைந்த ஒட்சிசன் பெறும் குழந்தைகள் இறந்துவிடக்கூடும் என அஞ்சிய இரவுநேரத் தாதியர், வைத்தியர் அறியாது ஒட்சிசனைத் திறந்துவிட்டனர் என்று கூறப்படுகின்றது. அன்பினாற் செய்யப்பட்ட செயலும் அறிவின் துணையில்லாதவிடத்துத் தீங்காய் முடியும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 1953ஆம் ஆண்டில் அந்நாட்டின் 18 வைத்தியசாலைகள் ஒருங்கு சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 1954இல் வெளிவந்து ஐயத்தைப் போக்கிற்று. இலண்டனில் நோர்மன் அஷ்ரன், பூனைக்குட்டிகளின் முதிராத விழித்திரைக் கலன்கள் மிகை ஒட்சிசனால் அடைபட்டு மறைதலை ஆய்வுகூடத்திற் காட்டினார். இதற்கிடையில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்துவிட்டனர். 1950ஆம் ஆண்டிற் பிறந்து இசையுலகிற் புகழீட்டிய ஸ்ரீவீ வொண்டர் அவர்களுள் ஒருவர்.

ஒட்சிசன் கட்டுப்படுத்தப்பட்டதும் நோய் குறைந்தது. ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. ஒட்சிசனின் அளவைக் கண்மூடித்தனமாகக் குறைத்தமையால் மூச்சுத்திணறிய குழந்தைகள் பலர் இறந்தனர். காக்கப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் விலையாகியிருக்கலாம் என்று 1973ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெனத் குறொஸ் கணித்தார். பின்னாளில் அளவீட்டுக் கருவிகள் செம்மையுற்ற பின்னரும் இவ்விருதலைச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மிகக் குறைமாதக் குழந்தைகள் ஒரு பிரிவினர் குருதியில் ஒட்சிசன் நிறைவு நூற்றுக்கு 85 முதல் 89 வரையும், மறுபிரிவினர் 91 முதல் 95 வரையும் இருக்குமாறு பேணப்பட்டனர். குறைந்த அளவு பெற்றோருள் உயிர்தப்பியவர்களிடையே கடுமையான கண்ணோய் நூற்றுக்கு 8.6 ஆகவும், கூடிய அளவு பெற்றோரிடையே 17.9 ஆகவும் இருந்தது. ஆனால் இறப்போ முன்னவருள் 19.9, பின்னவருள் 16.2.

இவ்வெண்கள் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. ஒட்சிசனைக் குறைப்பதனால் மட்டும் இந்நோயை ஒழித்தல் இயலாது. உயிரைக் காக்க வேண்டுமாயின் கண்ணுக்கு நேரும் இடரை ஓரளவு ஏற்றே ஆகவேண்டும். ஏற்றபின் அவ்விடர் முற்றாதவாறு கண்ணினுள் நோக்கிக்கொண்டிருத்தலே எஞ்சியுள்ள வழியாகும்.

கண்ணினுள் நோக்குதல்

உயிருள்ள மனிதனின் விழித்திரையைக் காணும் கருவியை 1851ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தவர் ஜேர்மனிய அறிஞரான ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்கு முன்னர்க் கண்மணி கரிய துளையாகவே தோன்றிற்று. கண்ணுட் செலுத்தப்பட்ட ஒளி சென்ற வழியே மீளுதலின், நோக்குவோனுடைய கண்ணும் அவ்வொளியின் பாதையிலேயே நிற்றல் வேண்டும் என்பதை உணர்ந்து, அதற்கேற்பக் கண்ணாடித் தகடுகளை அமைத்தமையே அவர்தம் நுட்பமாகும். பின்னர் 1940களில் சாள்ஸ் ஷெப்பென்ஸ், நோக்குவோர் தலையில் அணிந்து இரு கண்களாலும் விழித்திரையின் விளிம்புவரை காணத்தக்க கருவியை ஆக்கினார். குறைமாதக் குழந்தைகளின் கண்களைப் பரிசோதிக்க இவ்வகைக் கருவியே நெடுங்காலம் பயன்பட்டது; இன்றும் பயன்படுகின்றது.

விழித்திரையை ஒளிப்படமாக்கும் முயற்சியும் பழையதே. 1886ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜக்மன், வெப்ஸ்ரர் என்னும் இருவர் மனிதனொருவனின் தலையோடு கமராவைப் பிணைத்து, இரண்டரை நிமிடநேரம் ஒளிபாய்ச்சிப் படமெடுத்தனர். வளர்ந்தோர் அசையாதிருந்து ஒத்துழைப்பர். ஒரு கிலோகிராம் எடைகூட நிரம்பாத குழந்தையிடம் அதனை எதிர்பார்த்தல் எங்ஙனம்? அதன் கண்ணோ மிகச் சிறியது. நோய் தோன்றும் இடமும் கண்ணின் நடுவன்று, விளிம்பை அடுத்த பகுதியாகும். பொதுவான கமராக்கள் ஒரு முறையில் 30 முதல் 50 பாகை வரையான பரப்பையே படமாக்குவன. ஆதலின், குழந்தை வைத்தியத்தில் ஒளிப்படத்தின் பயன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாழ்த்தது.

நோயின் படிகள்

பல நாட்டு வைத்தியர்கள் தாம் காண்பதை ஒரே சொல்லாற் குறித்தாலன்றி ஆராய்ச்சி வளராது. எனவே 1984ஆம் ஆண்டில் அனைத்துலகப் பாகுபாடு ஒன்று வகுக்கப்பட்டது. அது 1987, 2005, 2021ஆம் ஆண்டுகளிற் விரிக்கப்பட்டும் திருத்தப்பட்டும் வந்துள்ளது. அதன்படி விழித்திரை பார்வை நரம்பு வட்டை மையமாகக் கொண்ட மூன்று வலயங்களாகப் பிரிக்கப்படும். நோய் மையத்தை நெருங்குந்தோறும் இடர் மிகும். நோயின் படிகள் ஐந்து. குருதிக்கலன் படர்ந்த பகுதிக்கும் படராத பகுதிக்கும் இடையே மெல்லிய வெண்கோடு தோன்றுவது முதற்படி. அக்கோடு உயர்ந்து வயல்வரம்புபோலத் திரள்வது இரண்டாம் படி. அவ்வரம்பினின்றும் புதுக்கலன்கள் பாகினுள் எழுவது மூன்றாம் படி. விழித்திரை ஒரு பகுதி கழல்வது நான்காவது. முற்றுங் கழல்வது ஐந்தாவது. இவற்றோடு, வட்டை அடுத்த நாளங்கள் விரிந்தும் நாடிகள் பாம்புபோல நெளிந்தும் தோன்றின், நோய் முனைப்புற்றது என்பது தெளிவு. இவ்வறிகுறியை வைத்தியர் மிகைக்குறி என வழங்குவர்.

நோயுற்ற கண்களிற் பெரும்பாலானவை தாமே குணமடைவன என்பது ஆறுதல் தரும் செய்தி. அமெரிக்காவில் 1251 கிராமிற் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேரிடம் நோயின் ஏதேனுமொரு படி காணப்பட்டது. அவர்களுட் சிலருக்கே சிகிச்சை வேண்டியிருந்தது. அச்சிலர் யாவர் என்பதைத் தவறாது கண்டறிதலே பணியின் அருமையாகும். கலனற்ற பகுதியைக் கடுங்குளிராற் சுட்டு அழைப்புக் குரலை அடக்கும் சிகிச்சை பயன்தருவது 1988ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பின்னர் அதன் இடத்தை லேசர் ஒளி பெற்றது. நோய் முற்றும்வரை காத்திராது முந்தியே சிகிச்சை செய்யின், கண்ணின் அமைப்புக் கெடுதல் நூற்றுக்கு 15.6 இலிருந்து 9.1 ஆகக் குறையும் என்பதை 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. வளர்ச்சிக் காரணியைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைக் கண்ணினுள் ஊசியாற் செலுத்தும் முறையும் 2011ஆம் ஆண்டு முதல் ஆய்வுகளின் ஆதரவைப் பெற்றுவருகின்றது.

இச்சிகிச்சைகள் யாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை காலமாகும். சிகிச்சை வேண்டும் நிலை பெரும்பாலும் கருக்காலக் கணக்கில் 37ஆம் வாரத்தையொட்டி எய்தும். அந்நிலை கண்டபின் இரண்டு மூன்று நாட்களுள் சிகிச்சை நடைபெறுதல் வேண்டும். பிறந்தவுடன் பரிசோதிப்பின் நோய் இராது. மூன்றாம் மாதத்திற் பரிசோதிப்பின் மருந்து இராது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களிலோ, உடல் தேறி எடை கூடிய குழந்தையைப் பெற்றோர் மகிழ்வோடு வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஆபத்து நீங்கிற்று என்று அவர்கள் எண்ணும் அந்நாட்களே கண்ணுக்கு ஆபத்தான நாட்களாகும். மறுமுறை வருமாறு குறித்த தேதி தவறுவதும், தேதி குறிக்கப்படாமலே போவதும் இதனாலேயே. உரிய பரிசோதனையைப் பற்றிப் பெற்றோருக்கு அறிவிக்கப்படாது பார்வையிழந்த ஒரு குழந்தையின் வழக்கில், 2015ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் பெருந்தொகையை நட்டஈடாக விதித்தமை இங்கு நினைக்கத்தக்கது. எத்தொகையும் பார்வைக்கு ஈடாகாது என்பதைக் கூறவும் வேண்டுமோ?

ஒளிப்படத்தின் வருகை

1997ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ரெற்காம் என்னும் கமரா ஆக்கப்பட்டது. இதன் முனை எழுதுகோல்போலக் கையிற் பிடிக்கத்தக்கது. கண்மணியைச் சொட்டுமருந்தால் விரித்து, உணர்ச்சி மரத்தற்குரிய மருந்தும் இட்டு, இமைகளைச் சிறு கம்பியால் விலக்கி, தெளிந்த பசைப்பொருள் இடையே நிற்க, அம்முனையைக் கருவிழிமீது மெல்ல வைப்பர். ஒரு முறையில் ஏறத்தாழ 130 பாகைப் பரப்புத் திரையில் தோன்றும். முனையைச் சற்றே சாய்த்துச் சாய்த்து நாற்புறமும் எடுப்பின், விழித்திரையின் பெரும்பகுதி சில நிமிடங்களிற் பதிவாகிவிடும்.

இதனால் விளைந்த மாற்றத்தை நன்கு உணர்தல் வேண்டும். முன்னர், வைத்தியர் குனிந்து நோக்கித் தாம் கண்டதைப் பென்சிலால் வரைந்து வைத்தார். அக்காட்சி அவருடைய கண்ணுக்கும் நினைவுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. படம் வந்தபின் அது பொதுவுடைமையாயிற்று. சென்ற வாரத்துப் படத்தை இவ்வாரத்துப் படத்தோடு அடுத்துவைத்து, வரம்பு உயர்ந்ததா தாழ்ந்ததா, நாடி நெளிந்ததா நிமிர்ந்ததா என்று ஒப்பிடலாம். தொலைவிலுள்ள நிபுணரின் கருத்தைப் பெறலாம். மாணவர்க்குக் கற்பிக்கலாம். தாய்க்கும் காட்டலாம். தன் குழந்தையின் கண்ணினுள் இருப்பதைத் தானே கண்ட தாய், அடுத்த வாரம் தவறாது வருதற்குரிய காரணத்தை வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுள் தொலைநிபுணர் கருத்தே வறிய நாடுகளுக்குப் பெரும்பயன் அளித்தது. 2010ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோயாற் குருடராயினர் அன்றிப் பார்வையைப் பெரிதும் இழந்தனர் என ஒரு கணிப்புக் கூறும். அவர்களுட் பலர், குறைமாதக் குழந்தைகளின் உயிரைக் காக்கும் வசதி பரவியும் கண்ணைக் காக்கும் வசதி பரவாத இடங்களிற் பிறந்தவர்கள். அவ்விடங்களில் ஒட்சிசனை அளந்து கொடுக்கும் ஏற்பாடு குறைவாதலின், எடை கூடிய குழந்தைகளும் நோயுறுகின்றனர். அமெரிக்காவில் 1500 கிராமும் அதற்குக் குறைந்த எடையும் உடையோர், அன்றி 30 வாரத்திலும் அதற்கு முன்னும் பிறந்தோர் பரிசோதிக்கப்படுகையில், இந்தியாவில் 2000 கிராமிற் குறைந்தோரையும் 34 வாரத்திற்கு முன் பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டுமென விதித்திருப்பது இதனாலேயே.

இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல சான்று. பெங்களூரிலுள்ள நாராயண நேத்திராலயத்தைச் சேர்ந்த ஆனந்த் வினேகர் என்னும் கண்வைத்தியரின் முயற்சியால், வைத்தியரல்லாத பயிற்சிபெற்ற பணியாளர் கமராவை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, மாவட்டந்தோறும் உள்ள குழந்தைச் சிகிச்சைப் பிரிவுகளுக்குக் குறித்த நாளிற் செல்கின்றனர். அவர்களே படமெடுத்து, நோயின் கடுமைக்கேற்பச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என வகைப்படுத்துகின்றனர். படங்கள் தொலைவிலுள்ள நிபுணரின் கைத்தொலைபேசிக்குச் சென்று, அவருடைய தீர்ப்போடு மீளுகின்றன. குழந்தை நிபுணரைத் தேடிச் செல்லும் நிலை மாறி, அதன் விழித்திரையின் சாயலே நிபுணரைத் தேடிச் செல்கின்றது.

வைத்தியரல்லாதார் கூற்றை எத்துணை நம்பலாம் என்னும் வினா எழுதல் இயல்பே. வட அமெரிக்காவில் 1257 குழந்தைகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு அதற்கு விடை பகர்கின்றது. நிபுணரின் கவனத்தை வேண்டிய குழந்தைகளுள் நூற்றுக்கு 90 பேரைப் பயிற்சிபெற்ற படநோக்குநர் சரியாகக் கண்டனர். வேண்டாதோருள் நூற்றுக்கு 87 பேரைச் சரியாக விலக்கினர். பரிசோதனை ஒரு முறையோடு நில்லாது வாரந்தோறும் தொடர்வதாகலின், ஒரு வாரம் தவறியது அடுத்த வாரம் பிடிபடுதற்கும் இடமுண்டு.

படமும் தீர்ப்பும்

படம் பொதுவுடைமையானதன் மற்றொரு விளைவு எதிர்பாராதது. நிபுணர்கள் தம்முள் எத்துணை முரண்படுகின்றனர் என்பதும் அதனாலேயே வெளிப்பட்டது. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், 22 நிபுணர்களிடம் ஒரே 34 படங்கள் கொடுக்கப்பட்டு, மிகைக்குறி உண்டா, இல்லையா, அதன் முன்னிலையா என வினவப்பட்டது. அனைவரும் ஒருமுகமாய் விடைகூறியவை 4 படங்களே. ஒரே கண்ணுக்கு ஒருவர் சிகிச்சை வேண்டும் என்பர். மற்றவர் வேண்டாம் என்பர். தனித்தனியே குனிந்து நோக்கிய காலத்தில் இவ்வேறுபாடு எவருக்கும் புலனாகவில்லை. புலனானபின் அதனைக் குறைக்கும் வழி தேடப்பட்டது.

அவ்வழிகளுள் ஒன்று கணினி. 5511 படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி முறையொன்று, புதிய 100 படங்களைத் தரம்பிரிப்பதில் 8 நிபுணருள் 6 பேரை விஞ்சியது என 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். நோயின் கடுமையை உண்டு, இல்லை என்று கூறுவதோடு அமையாது எண்ணளவாற் கூறவும், வாரத்துக்கு வாரம் அவ்வெண் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று காட்டவும் இம்முறை உதவும். ஆயினும் கணினி தனக்குப் பயிற்றப்பட்ட படங்களைப் போன்றவற்றையே நன்கு அறியும். வேறு நாட்டில், வேறு கமராவால், வேறு நிறமுடைய விழித்திரையில் எடுக்கப்பட்ட படத்தில் அது தடுமாறவுங்கூடும். ஆகவே அது வைத்தியருக்குத் துணையாகலாம். அவருடைய பொறுப்பை ஏற்றல் ஆகாது.

பிற நோய்களும் பிற படங்களும்

குறைமாத நோயை மட்டுமன்றி வேறு சிலவற்றையும் விழித்திரைப்படம் வெளிக்கொணர்ந்துள்ளது. நிறைமாதத்திற் பிறந்த நலமுள்ள குழந்தைகளுள்ளும் பலரது விழித்திரையில் பிறப்பின் அழுத்தத்தால் சிறு குருதிக்கசிவுகள் தோன்றுதலும், அவற்றுட் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே மறைதலும் படங்களால் தெளிவாயின. 15,000 முதல் 20,000 வரையான பிறப்புக்கு ஒன்றெனக் காணப்படும் விழித்திரைப் புற்றுநோயின் பருமனையும் பரவலையும் அளந்து, சிகிச்சைக்கு அது அடங்குகின்றதா என்று பார்த்தற்கும் அதே கமரா பயன்படுகின்றது. ஒளிரும் சாயத்தைக் குருதியிற் செலுத்தி எடுக்கும் படங்கள், எக்கலன் கசிகின்றது, எப்பகுதி கலனின்றி உள்ளது என்பவற்றைக் காட்டுகின்றன. கண்ணூசி மருந்து பெற்ற குழந்தைகளில் நோய் நெடுநாட் கழித்தும் மீளக்கூடுமாதலின், இவ்வகைப் படம் அவர்களுக்குச் சிறப்பாக வேண்டப்படும். கையிற் பிடிக்கத்தக்க இன்னொரு கருவி, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியைச் செலுத்தி விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டுகின்றது. கூர்ந்த பார்வைக்குரிய மஞ்சட்பொட்டில் வீக்கம் உண்டெனின், சாதாரண நோக்கிற் புலப்படாத அதனையும் இக்கருவி காட்டும்.

எல்லைகள்

இக்கலையின் குறைகளையும் மறைத்தல் தகாது. விழித்திரையின் கடைக்கோடி விளிம்பு கமராவுக்கு எளிதில் அகப்படாது. அதனைக் காண இன்றும் வைத்தியரின் நேர்நோக்கே சிறந்தது. கருநிறம் மிக்க கண்களில் சிலவேளை படம் மங்கலாய் அமையும். கருவியின் விலை மிகுதி. இமையை விலக்குதலும் கருவிழியைத் தொடுதலும் குழந்தைக்குத் துன்பந்தருவன. பரிசோதனை வேளையில் அதன் நாடித்துடிப்பும் மூச்சும் தளர்தலும் உண்டு. ஆகவே தாதியொருவர் அருகிருந்து கவனித்தல் இன்றியமையாதது. கருவியைத் தூய்மை செய்யாவிடின் ஒரு குழந்தையின் தொற்று மற்றொன்றுக்குச் செல்லும்.

இவை யாவற்றினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. குழந்தை கொண்டுவரப்பட்டாலன்றிப் படமில்லை. படத்தை ஒருவர் அன்றே நோக்கினாலன்றித் தீர்ப்பில்லை. தீர்ப்பைத் தொடர்ந்து சிகிச்சை அளிப்போர் அணுகத்தக்க தொலைவில் இல்லாவிடின் தீர்ப்பாற் பயனில்லை. கமரா இச்சங்கிலியின் ஒரு கண்ணியே. மற்றைக் கண்ணிகள் தாதியும், வைத்தியரும், பெற்றோரும், வழிச்செலவுக்குப் பொருளும், மறவாது குறிக்கப்பட்ட தேதியுமாம்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. குறைமாதத்திற் பிறந்து கண்ணோயினின்றும் தப்பிய குழந்தைகள் வளருங்கால் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் அவரிடையே மிகுதியாகக் காணப்படுகின்றன; விழித்திரை பிற்காலத்திற் கழலும் இடரும் சிலர்க்கு உண்டு. வகுப்பறையிற் கரும்பலகையை நோக்கிக் கண்ணைச் சுருக்கும் மாணவனை மந்தன் என்றோ கவனமற்றவன் என்றோ கடிந்துகொள்ளுமுன், அவன் எத்தனையாம் மாதத்திற் பிறந்தான் என்று பெற்றோரை வினவுதல் நன்று. விழித்திரையின் ஒளிப்படம், பேசமாட்டாத குழந்தையின் குறையைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் வாயாய் அமைந்தது. அக்குறையை உரிய வாரத்திற் கேட்டு ஆவன செய்தல் குழந்தையைச் சூழ்ந்துள்ளார் அனைவரதும் கடனாகும்.